கேப்டன் வெளியே போனார், படகு போகவில்லை

துறைமுகச் சுங்க அலுவலகத்தில், சொந்தப் படகுகளைக் கவனிக்கும் மேசையில் நான் உட்கார்ந்த இரண்டாவது வாரம், பிஸ்கட் டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேப்டன் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. கேப்டன் என்பது படகுத்துறையில் வைத்த பட்டப்பெயர். ஆள் முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் வெங்காயம் உரித்த சமையல்காரர். ஓய்வுபெற்றதும் சேமிப்பைத் துடைத்தெடுத்து ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி, பக்கத்து நாட்டிலிருந்து ஆள் வைத்து இங்கே கொண்டுவந்து, அதிலேயே மனைவியோடு குடியிருந்தார்.

இவர்களைப் போன்ற வெளிநாட்டவர் இங்கே ஒரு மூச்சில் தொண்ணூறு நாள்தான் தங்கலாம். ஒவ்வொரு தடவையும் எண்பத்தெட்டாம் நாளே இருவரும் பயணிகள் கப்பலில் ஏறி வெளியே போய், முத்திரை வாங்கித் திரும்பிய சீட்டுகள் டப்பாவில் தேதிவாரியாக இருந்தன. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அவ்வளவு சுத்தமான காகிதங்களைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். பிறகுதான் ஒன்று உறுத்தியது.

"படகு எப்ப சார் வெளிய போச்சு?"

"நாங்க போனா அதுவும் போன மாதிரிதானே தம்பி? அது எங்க வீடு."

இல்லை. ஆளுக்கு ஒரு கணக்கு, படகுக்கு ஒரு கணக்கு. வந்த ஒன்றரை வருஷத்துக்குள் படகே எல்லை தாண்டி, அங்கே முத்திரை வாங்காவிட்டால் அது இறக்குமதிச் சரக்கு; வரி விழும். அந்த வரியைப் படகை விற்றால்தான் கட்டமுடியும். மீதியிருந்தது ஒன்பது நாள்.

பக்கத்து நாடு ஒரு பகல் ஓட்டம்தானே, தாராளம் என்றேன். கேப்டன் என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். சொந்தப் படகு இருக்க ஏன் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுத்தீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

மனைவிதான் வாய்திறந்தார். "இவரு கடலைப் பார்த்ததெல்லாம் சமையக்கட்டு ஜன்னல் வழியா, தம்பி. ஓட்டத் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. கயித்தை அவுக்கத்தான் கை வரலை."

"ரகசியம்னு ஒண்ணு இருக்கு," என்றார் கேப்டன் மெதுவாக.

"படகை வித்துட்டா அதை எங்க வச்சுப் பூட்டுவீங்க?" என்றார் மனைவி.

அந்தம்மாவிடமும் ஒரு ரகசியம் இருந்தது. ஆறு மாதமாக, இவர் மத்தியானம் குறட்டை விடும் நேரத்தில், பக்கத்துப் படகுக்காரியிடம் சுக்கான் பிடிக்கப் பழகியிருந்தார். கேப்டன் அதை முதன்முதலாகக் கேட்டது என் மேசையில்தான். பேனாவைக் கீழே வைத்தார்.

காற்று அடங்கிய ஐந்தாம் நாள் கிளம்பினார்கள். அலைதடுப்புச் சுவரில் நின்று பார்த்தேன். கயிற்றைக் கேப்டனே அவிழ்த்தார். சுக்கான் அந்தம்மா கையில். மிதவைச் சட்டைக்கு மேலே டப்பாவை அணைத்துக்கொண்டு கேப்டன் நேராக முன்னால் பார்த்திருந்தார். மறுநாள் சாயங்காலம் ஈரம் காயாத ஒரு சீட்டு என் மேசைக்கு வந்தது. படகின் பெயரில் முதல் முத்திரை.

இருவரும் இப்போது தெற்கு மேடையின் கடைசித் தூணருகே படகைக் கட்டிக் குடியிருக்கிறார்கள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, படகிலேயே போய் வருகிறார்கள்.