கைப்பிடியின் திசை

அந்தத் தெருவில் அவளை "அரைநூல் வீட்டம்மா" என்றால்தான் தெரியும். அரைநூல் என்பது அவள் கணவருக்கு ஊர் வைத்த பெயர்; நூல் என்றால் பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். "அரைநூல் வித்தியாசமெல்லாம் ஒரு வித்தியாசமா?" என்று எப்போதோ வாய்தவறிக் கேட்ட தச்சரிடம் அவர் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வீட்டின் பின்கதவைத் திறந்தால் பட்டறை. இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளுவது, கடைந்த சாமான்களின் பிசிறை அரத்தால் தேய்ப்பது, எண்ணெய்க் குவளையை நிரப்பி வைப்பது எல்லாம் அவள் வேலை. வாய் திறந்து பேசுகிற பழக்கம் அவளுக்குக் குறைவு. வாடிக்கைக்காரர்கள் வந்தால் கதவு நிலையோடு நிலையாக நிற்பாள். ஆனால் கண் சும்மா இருக்காது. கணவரின் முகத்தைவிட அவர் கைகளைத்தான் அவள் அதிகம் பார்த்திருந்தாள்.

பழைய இயந்திரம் தேய்ந்து போய் எடைக்குப் போனது. அதன் இடத்தில் புதுசு வந்தது. லாரியிலிருந்து இறக்கி, குழாய்களின் மேல் உருட்டி உள்ளே கொண்டு வருவதற்குள் நான்கு ஆட்களின் நாக்கும் தள்ளிவிட்டது. அதற்கு முன்பே தரையைத் தோண்டி கான்கிரீட் போட்டு, ஈரச் சாக்கு போர்த்தி, அது இறுகும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடாமல் காத்தார் அரைநூல். இயந்திரத்தை நிறுத்திய பிறகு ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும், காலடியில் மெல்லிய தகட்டைச் செருகுவதும், உருவுவதுமாக இருந்தார். அவள் மண்ணெண்ணெய்த் துணியால் அதன் மேல் பூசியிருந்த மசகைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பான இரும்பு வந்தது. கை வைக்கவே கூச்சமாக இருந்தது.

மின்சார வேலைக்கு அவள் தம்பி வந்தான். அவனுக்குப் பட்டப்பெயர் மின்னல். வேலையில் வேகம் என்பதற்காக அல்ல. ஒரு தடவை தலைகாட்டினால் அப்புறம் ஆளைக் காண முடியாது. வயரைக் கையில் பிடித்தபடி அவன்தான் அந்தப் பேச்சை எடுத்தான்.

பழைய இயந்திரத்தில் ஒரு கோணல் உண்டு. வாங்கின நாளிலேயே யாரோ மோட்டாரின் இரண்டு வயர்களை மாற்றிப் பூட்டிவிட்டார்கள். ஓட்டும் கைப்பிடியை மேலே தள்ளினால் முன்பக்கம் சுற்ற வேண்டும். அதில் மட்டும் கீழே தள்ளினால்தான் முன்பக்கம். அரைநூல் அதற்கே பழகிப் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். புதிதிலும் அப்படியே மாற்றிப் பூட்டிவிடட்டுமா என்று மின்னல் கேட்டான்.

"வேண்டாம் மாப்ளே," என்றார் அரைநூல். "அம்புக்குறி போட்டிருக்கான் பார். நாளைக்கு வேற எவனாவது இதுல நின்னா, அதைப் பார்த்துத்தான் தள்ளுவான். என் கோணலுக்கு அவன் கையை ஏன் குடுக்கணும்?"

அது சாதாரணப் பேச்சு அல்ல. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக், ஓர் ஆள் தூக்கத் திணறும் கனம். இந்த இயந்திரத்தில் அது சுழலும் தண்டின் மரையில் திருகி நிற்கிறது. முன்பக்கம் சுற்றினால் இறுகும். வேகத்தோடு பின்பக்கம் உதறிக் கிளம்பினால் மரை கழன்று வெளியே வந்துவிடும். அப்படி வந்த சக் என்ன செய்யும் என்பதை லேத்துக்காரர்கள் வீட்டில் பேச மாட்டார்கள்.

முதலில் சக் மாட்டாமல் வெறும் தண்டையே ஓட்டிப் பழக்க வேண்டும். மெதுவாகக் கொஞ்ச நேரம், பிறகு சற்று வேகமாக, முன்னும் பின்னுமாக. அரைநூல் பக்கத்திலேயே நின்று பல்சக்கரப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தார். பழக்கிய பிறகு முதல் எண்ணெயை வடித்தார்கள். அவள் பிடித்த தட்டில் எண்ணெயோடு இரும்புத் தூள் மினுங்கியது. எல்லாப் புது இயந்திரமும் இப்படித்தான் கக்கும் என்று அவர் சொன்னார். அவளுக்கு என்னவோ அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அவள் கவனித்தாள். நினைவோடு நிற்கும்போது அவர் கை சரியாக மேலே போகிறது. வாசலில் யாராவது கூப்பிட்டு, திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே தொட்டால் கை கீழே போகிறது. தண்டு பின்பக்கம் சுற்றுகிறது. அவர் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுகிறார். வெறும் தண்டு என்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு முறை அவளே தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்கிக்கொண்டே கைப்பிடியைத் தட்டினார். கீழே.

சொன்னாள். அவளுக்கு அதுவே பெரிய காரியம். "ஏங்க, கை இன்னும் பழசுலதான் இருக்கு."

"கைக்கு நான் எசமானா, கை எனக்கு எசமானா?" என்று கேட்டுவிட்டு அவர் ரசமட்டத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

சக் மாட்டப் போகிற நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துணி அலசும்போதும் அந்தக் கை கீழே போவதே கண்ணில் நின்றது. கடைசியில், அவர் இரும்புக் கம்பி வாங்கக் கடைக்குப் போன ஒரு மாலையில், தம்பியை வரவழைத்தாள். பழைய மாதிரியே இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டச் சொன்னாள்.

மின்னல் தலையைச் சொறிந்தான். "மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் லேத்துல மாட்டிக் கடைவாரு. நீயே சொல்லிடுவியாக்கா?"

"காலையில சொல்லிடறேன்," என்றாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். கை கீழே போனாலும் இனிக் கெடுதல் இல்லை. மேலே போனால்தான் இப்போது பின்பக்கம் சுற்றும்; அதற்குள் சொல்லிவிட்டால் போதும். எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் விடிந்ததும் விடியாததுமாகப் பம்பு செட் கடைக்காரர் கடைய வேண்டிய ஒரு பம்புத் தண்டோடு வந்து நின்றார். அவசரமாம். புது இயந்திரத்தின் முதல் வேலை தன்னுடையதாக இருக்கட்டும் என்று அவருக்கு ஒரு ஆசை வேறு. அரைநூலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெளியாள் முன்னால் புருஷனிடம் எப்படிச் சொல்வது? "நீங்க சொன்னதை மீறி உங்க மிஷினைத் திருத்திட்டேன்" என்றா? அவர் சக்கை மாட்டினார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பம்புத் தண்டை அதில் கவ்வ வைத்தார். "ஏங்க," என்றாள் அவள். கடைக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்ததில் அது அமுங்கிப் போனது. கடையும் டூலைக் கிட்டே கொண்டு வந்தார். இன்னொரு முறை கூப்பிட வாயைத் திறந்தாள். கடைக்காரர் அவள் பக்கம் பார்த்ததும் மூடிக்கொண்டாள். கீழேதான் போகும், அவர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார், கீழேதான் போகும் என்று மனதைப் பிடித்துக்கொண்டாள்.

கை மேலே போனது. தயக்கமே இல்லாமல், பிறந்தது முதல் அப்படியே தள்ளியதுபோல.

சக் ஒரு முறை உதறியது. இயந்திரத்தின் தண்டை விட்டு வெளியே வரத் தொடங்கியது. நின்றவர் அப்படியே பின்னால் போயிருந்தால் தப்பித்திருப்பார். ஓடுகிற சக்கைத் தொடாதே என்று ஊருக்கே சொல்கிறவர் அவர். ஆனால் சக்குக்குக் கீழே இருந்தது அவர் மட்டம் பார்த்துப் பார்த்து நிறுத்திய இயந்திரத்தின் பளபளப்பான இரும்புப் படுகை. அதன் மேல் ஒரு கீறல் விழக்கூடாது என்று, குழந்தை விழும்போது நீட்டுவதுபோல, இடது கையைக் குறுக்கே கொடுத்தார்.

சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு முறை. பிறகு சக் தரையில் விழுந்து உருளும் சத்தம். கடைக்காரர்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று சொல்லியிருந்தார்கள். மின்னல் சுவரோரம் தலை குனிந்து நின்றான். அவனைக் கேட்க அவர் வாய் எடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் மாத்தச் சொன்னேன். அவனை ஒண்ணும் கேக்காதீங்க."

அவர் கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீ சொன்னது மனசுல விழுந்துச்சு," என்றார் மெதுவாக. "நீ துவைக்கப் போற நேரமாப் பார்த்து, மெயினை அணைச்சுட்டுத் தள்ளித் தள்ளிப் பழகினேன். வாயால பாட்டுப் பாடிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, திரும்பி நின்னுக்கிட்டு. மேலே, மேலேன்னு. கை திருந்திடுச்சு."

அவள் தன் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல போய் அம்புக்குறிப்படி மாத்தச் சொல்லு," என்றார். "நான் வர்றதுக்குள்ள எவனாவது தொட்டுடப் போறான்."

அன்றே மாற்றினார்கள். அவள் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தாள். படுகையில் ஒரு கீறல்கூட இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு அவர் மறுபடியும் பட்டறைக்கு வந்துவிட்டார். வேலை முன்புபோல வேகமில்லை. கம்பியைத் தூக்கி மாட்ட அவளும் ஒரு கை கொடுக்கிறாள். வாடிக்கைக்காரர்கள் வந்து போகிறார்கள். வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. அவளைக் குறை சொல்லி இதுவரை ஒரு வார்த்தை அவர் சொன்னதும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும், கைப்பிடிக்கு அருகே போன அவர் கை அந்தரத்தில் நிற்கிறது. யார் இருந்தாலும் சரி, அவர் அவள் பக்கம் திரும்புகிறார்.

"மேலேதானே?"

"மேலேதான்," என்கிறாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி.

அதைக் கேட்ட பிறகும் அவர் கை சட்டென்று போவதில்லை. அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.