நிரந்தர வேலை வேண்டாம் என்றவர்

திருவொற்றியூர் ஆலையில் பாய்லருக்குள் இறங்கிக் கரி சுரண்டும் தற்காலிகக் கூலி அவர். குட்டையான உடம்பு, புருவம் வரைக்கும் புகைக்கரி. வடக்கே போகும் ரயில் கூவினால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை அசையாமல் நிற்பார். பாதி வருஷம் உழைப்பார். மீதி வருஷம் காசி, கல்கத்தா, பம்பாய் என்று எங்காவது சுற்றிக்கொண்டிருப்பார்.

நான் அப்போது தொழிற்சங்கச் செயலாளர். தற்காலிகக் கூலிகளை நிரந்தரமாக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்து, போலீஸிடம் அடி வாங்கி ஜெயித்தோம். அவர் மட்டும் நிரந்தர வேலையில் சேர மறுத்தார். டீக்கடையில் பிடித்துக் காரணம் கேட்டேன்.

"பர்மனென்டு ஆனா எத்தினி நாளு லீவு?" என்றார்.

"வருஷத்துக்கு ரெண்டு வாரம், அண்ணாத்தே."

"அதுல காசிக்கிப் போயி குந்தக்கூட முடியாது. ஊரு சுத்தணும்னுதான் இந்தக் கலீஜ் வேலைய எடுத்துகினேன். அத்தப் புடுங்கறியே!"

"புள்ளகுட்டிக்காரங்க ரத்தம் சிந்தி வாங்குனதுய்யா இது!" என்று கத்தினேன்.

"எனுக்கோசரம் வாங்கச் சொல்லி நான் கேட்டனா?"

டம்ளரை அவர் பெஞ்சில் அடித்து வைத்த வேகத்தில் டீ என் சட்டையில் தெறித்தது.

இனி தற்காலிக ஆட்களே கூடாது என்பதும் எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆகவே மறுவாரம் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே வாசலில் நடந்த வெற்றிக் கூட்டத்தில் எனக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப மனசு குளுந்துச்சா, நைனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கமாக நடந்தார்.

நன்றி கெட்டவன் என்று நாள் முழுக்கத் திட்டினேன். ஆனால் அத்தனை கோரிக்கை எழுதிய எங்களில் ஒருவனுக்கும் கூடுதல் லீவு கேட்கத் தோன்றவில்லையே என்று எங்கள்மேலேயே வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.