மூலையில் மங்கிய எழுத்து

வீட்டிலும் வேலையிலும் அவனுக்குத் துல்லியம் என்றுதான் பெயர். வைத்தவள் அவனுடைய அக்கா. யார் எந்தப் படத்தை நீட்டி எப்படி இருக்கு என்று கேட்டாலும், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "துல்லியம் பத்தலை" என்பான். அடுத்தவர் கல்யாணப் படமாக இருந்தாலும் சரி, பிள்ளையின் முதல் சிரிப்பாக இருந்தாலும் சரி, இதே தீர்ப்புதான். நாலு பேர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன பிறகும் மனுஷன் திருந்தவில்லை.

வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. கையால் எண்ணை எழுதுகிற காலம் போய், ஆபீசில் ஆளுக்கொரு போன் கொடுத்திருந்தார்கள். அதில் இருக்கிற ஆப்பைத் திறந்து மீட்டரைப் படம் எடுத்தால் போதும், படம் நேராக ஆபீசுக்குப் போய்விடும். போனில் ஒன்றும் தங்காது. காலையில் இருந்து படமாக எடுத்துத் தள்ளுகிறவன், அதை ஒருநாளும் படம் என்று ஒத்துக்கொண்டதில்லை. "அதெல்லாம் கேமராவா? டப்பா" என்பான்.

அவனுடைய நிஜமான கேமராக்கள் வாடகை அறையில், கண்ணாடிக் கதவு போட்ட, ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் இருந்தன. உள்ளே சின்ன விளக்கு வேறு. அவன் படுக்கிற பக்கத்துச் சுவர் மழைக்குக் கசியும், பாய் நமத்துப்போகும். லென்ஸ்கள் இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லிச் சொல்லி அக்கா ஓய்ந்துபோனாள். "அந்தப் பொட்டிக்குள்ள ஒரு பொண்ணை வச்சாத்தான் இவன் திரும்பிப் பார்ப்பான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவுக்கு லாண்டரிக் கடை. துவைத்து, நீராவிப் பெட்டி போட்டுத் தேய்த்து, மடித்துக் கொடுப்பாள். காலையில் ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழும்போது ஆவிக்குள் அவள் பாதிதான் தெரிவாள். ஒரு தடவை, இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "என்னையும் ஒண்ணு எடுடா, வேலை செய்யற மாதிரியே" என்று நின்றாள். எடுத்தான். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஆவியில் குழம்பிப்போய்க் கேமரா அவள் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் தொங்கிய சட்டையைப் பிடித்திருந்தது. அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "நல்ல லென்ஸ் ஒண்ணு வரட்டும்க்கா" என்றான். அவள் மறுபடி கேட்கவே இல்லை.

அவனுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். நூலகத்து மேல்மாடியில் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் எடுத்த படங்களை மாட்டுவார்கள். அந்தச் சுவரில் தன் படம் ஒன்று தொங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிடித்த ஆசை, நாற்பதைத் தாண்டியும் விடவில்லை.

இந்த ஆசையை முழுக்கத் தெரிந்தவன் ஃப்ரேம் கடைக்காரன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். வாடா போடா பழக்கம். ஊரார் படங்களுக்கெல்லாம் சட்டம் அடித்துக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துல்லியம் புதிதாக வாங்கியதைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் பின்னால் போய்விடுவான். அங்கே ஒரு செங்கல் சுவர். அதில் செய்தித்தாள் பக்கம் ஒன்றை நாலு மூலையும் விறைக்க ஒட்டி, மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, லென்ஸை மாற்றி மாற்றி அதையே எடுப்பான். பிறகு இரண்டு பேரும் கணினியில் பெரிதாக்கி மூலை எழுத்தைப் பார்ப்பார்கள்.

"நடுவுல பரவாயில்லை மச்சான். ஆனா மூலையில எழுத்து மங்குதே" என்பான் ஃப்ரேம் கடைக்காரன்.

போதும், அது போதும். அடுத்த லென்ஸைத் தேட ஆரம்பித்துவிடுவான் நம்ம ஆள். அவனுடைய கணினியைத் திறந்து பார்த்தால் வருஷக்கணக்கில் செய்தித்தாள்தான். ஒன்றையாவது படித்திருக்கிறானா என்றால் அதுவும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் நூலகத்து அறிவிப்பு வரும்போது, "இந்த வாட்டி மாட்டிரலாமாடா?" என்று கேட்பான். "அவசரப்படாதே. நீ மாட்டுனா ஊரே வாயைப் பொளக்கணும். அந்த லென்ஸ் வரட்டும்" என்பான் நண்பன். துல்லியத்துக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். தன்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற ஆள் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

தன் முதல் கேமராவைக்கூடத் துல்லியம் நண்பன் கையில்தான் கொடுத்திருந்தான். படியில் விழுந்து ஒரு மூலை நசுங்கி, பேட்டரிக் கதவுக்குப் பச்சை டேப் ஒட்டிய பழசு. "யாராவது கேட்டா தள்ளிவிடுறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டவன், சில வாரங்களில் விற்றுவிட்டதாகச் சொல்லிக் காசையும் கொடுத்தான். துல்லியம் அதைப் போட்டுப் புது ஸ்டாண்டு வாங்கினான்.

இந்த வருஷக் கண்காட்சி நாளில் அவன் அங்கே போவதாகவே இல்லை. புது லென்ஸ் ஒன்று பார்சலில் வர இருந்தது. வீட்டில் காத்திருக்க வேண்டும் என்று நண்பனிடம் சொல்லியிருந்தான். பார்சல் மறுநாளைக்குத் தள்ளிப்போய்விட்டது. சும்மா இருப்பானேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துப் படி ஏறினான்.

ஏறியதும் எதிர்ச்சுவரில் அக்கா.

ஜன்னல் வெளிச்சம், ஆவி, அதற்குள் அவள். நல்ல உடுப்பு இல்லை. வேலை உடுப்பு, கழுத்தில் துண்டு. யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்குகிறாள். மூலையெல்லாம் மங்கல். அதை யார் பார்த்தார்கள்! இரண்டு பெண்கள் அதன் முன்னால் நின்று நகர மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஃப்ரேம் கடைக்காரன் பெயர் இருந்தது.

அதைச் சரியாக உள்ளே வாங்குவதற்குள் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் அடுத்த படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "பாருங்களேன், இவ்ளோ பெரிய கேமராவை வச்சுக்கிட்டு பேப்பரைப் படம் புடிக்கறாரு ஒருத்தர்!"

செங்கல் சுவர். ஒட்டிய செய்தித்தாள். அதன் முன்னால் முதுகைக் கூனிக்கொண்டு கேமராவுக்குள் எட்டிப் பார்க்கிறவன் அவன்தான். சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. பின்னால் நின்று எடுத்திருக்கிறான் பாவி.

அந்தக் குடும்பம் திரும்பி அவனைப் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டான். ஜன்னலோரம் நாலு பேருக்கு நடுவில், அக்கா தேய்த்துக் கொடுத்த சட்டையில் விறைப்பாக நின்றிருந்தான் நண்பன். கழுத்தில் தொங்கிய கேமராவில் பச்சை டேப். துல்லியம் அவன் கையைப் பிடித்து மாடிப்படித் திருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"வித்துட்டேன்னு சொன்ன?"

"வித்தேன்டா. எனக்கே வித்துக்கிட்டேன். காசு கொடுத்தேன்ல?"

"அங்க தொங்கறது எங்க அக்காடா."

நண்பன் கழுத்துக் கேமராவைக் கையால் மூடிக்கொண்டான்.

"என்னைக் கேலிப்பொருளா மாட்டி வச்சிருக்க. ஊரே சிரிக்குது."

"நீ வரமாட்டேன்னு சொன்னியே மச்சான்..." என்று இழுத்தான். அதைச் சொன்னதும் அவனுக்கே அசிங்கமாக இருந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்த நசுங்கின கேமராவுல நீ எடுப்ப. எனக்கு மட்டும் லென்ஸ் வரட்டும், லென்ஸ் வரட்டும்னு ஏன்டா சொன்ன?"

நண்பன் கைப்பிடிக் கம்பியைத் தடவினான். பிறகு சொன்னான்: "இதுக்குள்ள கார்டு இருந்துச்சு. நீ எடுக்க மறந்துட்ட. உன் பழைய படமெல்லாம் அதுல இருந்துச்சு. மழைக்கு பஸ் ஸ்டாப்ல ஒதுங்கி நிக்கறவங்க... படியில உக்காந்து ஷூ மாட்டற ஒரு பெரியவர்... திரும்பத் திரும்பப் பார்த்தேன். வயிறு எரிஞ்சுது மச்சான். தலைகீழா நின்னாலும் எனக்கு அப்படி வராது. நீ எடுக்க ஆரம்பிச்சா என்னோடதை எவன் பார்ப்பான்? உனக்கே லென்ஸைப் பத்திப் பேசத்தான் புடிச்சிருந்துச்சு. சரி, பேசட்டும்னு விட்டுட்டேன்."

அந்தப் பெரியவரைத் துல்லியத்துக்கே மறந்துபோயிருந்தது. "கார்டு எங்க?" என்றான்.

"கார்டு இருக்கு. படம்... அழிச்சுட்டேன். நான் எடுக்கறதுக்கு இடம் வேணும்ல."

அடித்திருக்கலாம். கை தூக்கத்தான் பார்த்தது. "நல்லா இருக்குடான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையேடா" என்றான். மேலே இன்னும் பேசினால் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வேடிக்கை கிடைத்துவிடும் என்று படி இறங்கிப் போய்விட்டான்.

முதுகில் குத்தினான் என்று சொல்வார்கள். இவனோ முதுகையே படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டான். தன்னை நம்பிய ஒரே ஆள் என்று நினைத்தவன், எல்லாம் தெரிந்துகொண்டே, ஞாயிறு தவறாமல் அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தியிருக்கிறான். நினைக்க நினைக்க நெஞ்சு வெந்தது. மறுநாள் காலையில் வந்த பார்சலைப் பிரிக்காமல் அப்படியே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வேலைக்குப் போனான்.

அன்றைக்கு லாண்டரிக் கடைத் தெருவின் முறை. போகாமல் முடியாது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உள்ளே நுழைந்தவனைப் பார்த்ததுமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. மேசை மேல் பச்சை டேப் கேமரா இருந்தது.

"காலையில வந்து வச்சுட்டுப் போனான். உன்கிட்ட கொடுக்கச் சொன்னான்."

"அவன் கை பட்டது எனக்கு வேணாம். நீயும் கூட்டுதானே?"

"மாட்டுவான்னு எனக்குத் தெரியாதுடா. எடுத்தான், அது தெரியும். உன்கிட்ட சொல்லாதீங்கக்கான்னான். சரின்னுட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா கேக்கற?" அக்கா பெட்டியை டங்கென்று வைத்தாள். "சொன்னா நீ வந்து, விளக்கு வை, ஸ்டாண்டு வை, அசையாதேன்னு படுத்தி எடுத்துட்டு, துல்லியம் பத்தலைன்னு என் மூஞ்சிக்கு நேரா அழிப்ப. ஒரு வாட்டி அழிச்சியே, அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டியா? அவன் திருட்டுப் பயலாவே இருக்கட்டும். என்னை எடுக்கணும்னு அவனுக்குத் தோணுச்சு. கூடப் பொறந்தவனுக்குத் தோணலை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. மீட்டரை எடுத்துவிட்டுத் தொலைவோம் என்று ஆபீஸ் போனை எடுத்து ஆப்பைத் திறந்தான். மீட்டர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்தது. குனியப் போனவன் நிமிர்ந்து பார்த்தான். அக்கா மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, யாருடைய காலரையோ ஆத்திரத்தோடு அழுத்தினாள். ஆவி எழுந்தது. அதற்குப் பின்னாலிருந்து, இன்னும் என்னடா நிக்கற என்பது போல முறைத்தாள். விரல் தானாக அழுத்திவிட்டது. திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. அப்படியே வெளியே வந்துவிட்டான்.

பக்கத்துக் கட்டடத்து வாசலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. ஆபீசில் படங்களைச் சரிபார்க்கிற மேடம்.

"என்ன தம்பி, லாண்டரிக் கடை மீட்டர்ல நம்பரே காணோம்? ஒரு அம்மா நின்னு முறைக்குறாங்க!"

"தப்பா... எடுத்துட்டேன் மேடம்."

"சரி, இங்கிருந்தே அழிச்சிடறேன்."

"மேடம், மேடம்!" கத்தியே விட்டான். தெருவில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குப் புண்ணியமா போகும், அழிச்சிடாதீங்க. என் சொந்த போனுக்கு அனுப்பி விடுங்க. அது எங்க அக்கா."

"அக்காவா? அனுப்பறேன், அனுப்பறேன். ஆனா படம் ஆடிப்போயிருக்கே தம்பி. மூலையெல்லாம் மங்கலா கிடக்கு."

"தெரியும் மேடம்."

வந்தது. நின்ற இடத்திலேயே திறந்து பார்த்தான். ஆவிக்குள் சிவந்த கண்ணும், துடைத்தும் போகாத ஈரமும், அந்த முறைப்பும் அப்படியே இருந்தன. பெரிதாக்கி மூலையைப் பார்க்கத் தோன்றவில்லை. இன்னொன்று எடுக்க வேண்டும் போல, இப்போதே, எதையாவது, யாரையாவது எடுக்க வேண்டும் போலக் கை பரபரத்தது. எத்தனை வருஷமாயிற்று இப்படிப் பரபரத்து! உடனே யாரிடமாவது காட்ட வேண்டும் என்று பெயரைத் தேடினான். விரல் ஃப்ரேம் கடைக்காரன் பெயரில் போய் நின்றது.

காட்ட அவனுக்கு இருந்தது அந்த ஒருத்தன்தான். அப்போதுதான் அழுகை வந்தது. மீட்டர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடைக்குள் போனான். அக்கா நிமிர்ந்தாள்.

"என்னத்தை மறந்துட்டுப் போன?"

"மீட்டரை எடுக்கலை."

"அப்ப இவ்ளோ நேரம் போனை நீட்டி எதைடா எடுத்த?"

"உன்னை."

அவள் பெட்டியை நிறுத்தினாள். ஆவி அடங்குகிற வரைக்கும் அவனையே பார்த்தாள். "எப்படி வந்திருக்கு?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு, பழைய தீர்ப்புக்குத் தயாராகிற மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆடிப்போச்சுக்கா."

"அழிச்சிட்டியா?"

"இல்லை" என்றான். "அழிக்கலை."