ஆழமில்லாத இடத்தில் ஓடிய வெள்ளம்

மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் நாள்களில், பழவேற்காட்டு முகத்துவாரத்தில் நீர் கடலை நோக்கிச் சீறிப் பாயும். அதைக் கடுவெள்ளம் என்பதே பொருந்தும். வெள்ளம் என்பது கரை மீறிப் பெருகுவது மட்டுமன்று; முழங்காலளவு நீர் ஆளை வீழ்த்தி இழுத்துச் சென்றால் அதுவும் வெள்ளமே. ஆனால் அங்கிருந்த எச்சரிக்கைப் பலகையில் ‘ஆழமான பகுதி’ என்று எழுதியிருந்தார்கள். சொல்லைக் ‘கடுவெள்ளம்’ என்று மாற்றுமாறு ஊராட்சி அலுவலகத்தில் பலமுறை வேண்டினேன். “ரெண்டும் ஒண்ணுதானே ஐயா” என்று சிரித்தார்கள்.

ஒரு ஞாயிறன்று, சுற்றுலா வந்த இளைஞர் ஒருவர் என் கண்ணெதிரே நீரில் இறங்கினார். போக வேண்டாமென்று கூவினேன். “முட்டிக்கால் தண்ணிதான் பெரியவரே” என்று கையசைத்தவர், அடுத்த அடியிலேயே கால் பெயர்ந்து கடலை நோக்கி உருண்டார். அருகில் வலை விரித்துக்கொண்டிருந்த பசியாவரம் ஊர் மீனவர் எல்லப்பன் படகைச் செலுத்தி, அவருடைய சட்டையைப் பற்றித் தூக்கினார்.

“போர்டு வெச்சிருக்குல்ல, படிக்கத் தெரியாதா நைனா?” என்று கடிந்தார் எல்லப்பன்.

இளைஞர் சட்டையைப் பிழிந்தபடியே சொன்னார்: “படிச்சேண்ணா. ஆழம்னு போட்டிருந்துச்சு. எட்டிப் பாத்தா தரை தெரிஞ்சுது, அதான் எறங்கினேன்.”

அவர் சொன்னதை அப்படியே அலுவலகத்தில் எடுத்துரைத்தேன். மறுவாரமே புதுப்பலகை வந்தது: ‘மிக ஆழமான பகுதி.’

இப்போது ஞாயிறுதோறும் அந்தப் பலகையின் அருகே நின்று, “இது கடுவெள்ளம், கால் வைக்காதீர்கள்” என்று வருவோரிடம் சொல்லி வருகிறேன். உரிய சொல் பலகையில் ஏறும்வரை, அதை என் வாய்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.