ஐந்து அசைகள்

அரியலூரில் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தேன். செய்யுளை நேர், நிரை என்று அசை பிரித்துச் சொல்லிக்கொடுத்தே காலம் போயிற்று. இப்போது பெரம்பலூர் வீட்டில் உட்கார்ந்து பிரெஞ்சுச் சொற்களை அசை பிரிக்கிறேன்.

என் ஒரே மகள் காரைக்காலைச் சேர்ந்த வேறு சாதிப் பையனை மணந்துகொண்டு பிரான்சுக்குப் போனாள். அதன்பின் நான் அவளிடம் பேசவில்லை. போனில் மனைவிதான் பேசுவாள். "அப்பா நல்லா இருக்காங்களாம்மா?" என்று மகள் கேட்பது என் காதில் விழும். பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். போன மழைக்காலத்தில் அவள் நோயில் இறந்துவிட்டாள்.

பேத்திக்குப் பிரெஞ்சு மட்டும்தான் வரும். ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறாள். நான் கையை மட்டும் ஆட்டுவேன். 'நான் உன் தாத்தா' என்று அவள் மொழியில் ஒரு தடவையாவது சொல்லிவிட ஆசைப்பட்டேன். ழ, சுய், தோன், கிரான், பேர். ஐந்தே அசை. ஆனால் எழுதியிருக்கும் மெய்யெழுத்தை ஒலிக்காமல் விட என் வாய்க்குத் தெரியவில்லை. 'கிராண்ட்' என்றே போய் முட்டியது. போனில் மொழி கற்றுத்தரும் செயலியின் குரல் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, கூடவே சொல்லிப் பழகினேன்.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, "இதென்ன வெண்பாவா? நீங்க சீர் பிரிச்சு முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவ அம்மாகிட்ட தமிழ்லயே பேசியிருக்கலாம்ல" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பேத்தி கண்ணை விரித்துப் பார்த்தாள். அப்பாவைக் கத்திக் கூப்பிட்டாள். மருமகன் ஓடி வந்தார்.

"தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லீங்க மாமா."

"பின்ன என்ன சொல்றா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தாத்தா பேசிட்டாங்கங்கிறா. தாத்தாவுக்குப் பேச்சு வராதுன்னு அவ அம்மா சொல்லி வச்சிருந்தா மாமா. நீங்க கோவமா இருக்கீங்கன்னு புள்ளகிட்ட சொல்ல அவளுக்கு மனசு வரல."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேத்தி திரைக்கு நெருங்கி வந்து மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஒவ்வோர் அசைக்கும் கை தட்டினாள்.

அவள் அம்மா சொன்னது பொய் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியாது. மருமகனைவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.