நைனாவுக்கு நான் திறந்துவிட்ட காற்று

ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். கட்டிலருகே ஓர் இயந்திரம் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து வரும் குழாய் என் மூக்கில் முடிகிறது. இளவயதிலிருந்து விடாமல் புகைத்தவன் நான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இயந்திரத்தைப் பொருத்திய பிறகு, நுரையீரல் மருத்துவர் கிளம்பும்போது என் மகளிடம் சொன்னார்: "மூச்சு வாங்குதேன்னு பாவப்பட்டு இதை ஏத்திடாதீங்கம்மா. இவரை மாதிரி ஆளுங்களுக்கு ஆக்சிஜன் ஜாஸ்தியாப் போனா, மூச்சு விடற வேகமே கொறைஞ்சிடும். கெட்ட காத்து வெளிய போகாம உள்ளேயே தங்கிடும். முகம் செவந்து, பார்க்க நல்லாத் தூங்கற மாதிரி இருக்கும். அப்படியே போயிடுவாங்க."

மகள் தலையாட்டினாள். நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். ஆக்சிஜன் தயாரிக்கும் முறை, பண்புகள், பயன்கள் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லையோ என்னவோ.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் நைனா மதுராந்தகத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். தவிட்டுப் புழுதி பாதி, பீடி பாதியாக அவருடைய நெஞ்சை எடுத்துக்கொண்டன. நான் ஏழாவது படித்தபோது, அவரைச் செங்கல்பட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்று அந்த இடத்தில் துணிக்கடை இருக்கிறது. அப்போது வீட்டில் தங்கைக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அம்மா படியைத் தாண்டக் கூடாது. ஆகவே நைனாவைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். மகாபலிபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சித்தப்பா, டிரிப்புகளுக்கு நடுவே வந்து எட்டிப்பார்ப்பார்.

டாக்டர் காலையில் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் ஒரே ஒரு நர்ஸம்மாதான். இளம்பெண், ஆனால் சிடுசிடுப்பு. நைனாவைப் படுக்கவிட மாட்டார். உட்காரவைத்து, முன்னால் ஒரு முக்காலியில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் சாய்ந்துகொள்ளச் சொல்வார். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுத்து, மருந்தை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றுவார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். வேகமாகப் போனால் நெஞ்சு படபடத்து நின்றுவிடுமாம். உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இளக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். "மத்தளமாடா அது? மெதுவா!" என்று அதட்டுவார். போகிறபோக்கில், "சாப்ட்டியாடா?" என்றும் கேட்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

கட்டிலின் தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. காற்று ஒரு தண்ணீர்ப் பாட்டில் வழியாக வரும்போது அதில் குமிழிகள் எழும்பும். ஒவ்வொன்றாக, சாவகாசமாக எழும்பும். நர்ஸம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்: "இது இப்படியேதான் இருக்கணும். இந்த வியாதிக்கு ஜாஸ்தி காத்து ஆகாது. கைய வெச்சேன்னா ஒடிச்சிடுவேன்."

சித்தப்பா வந்த முதல் நாளே நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊரும்மா நீ?"

"படாளங்கண்ணா."

"படாளத்துல எந்தப் பக்கம்?"

நர்ஸம்மா சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க நெனைக்கிற பக்கந்தாங்கண்ணா."

அதன்பிறகு சித்தப்பா அவரை 'அது' என்றே சொன்னார். நர்ஸம்மா நைனாவுக்கு வைத்துவிட்டுப் போன தண்ணீரை எடுத்து வராந்தாவில் கொட்டினார். நானும் மறுநாளிலிருந்து, சொல்லாமலே, அப்படியே கொட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் பிரசவ வார்டிலிருந்து ஆள் வந்து நர்ஸம்மாவைக் கூட்டிப் போய்விட்டார்கள். சித்தப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து காகிதத்தில் சுற்றிய மசால்வடையோடு வந்தார். நைனா தலையணைமேல் கவிழ்ந்து, தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்க, மூச்சுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது, கொமிழி ஒண்ணொண்ணா வந்துகினு கீது? அவரு காத்துக்கு அல்லாடறாரு, அது எண்ணி எண்ணி வுடுது!"

"ஜாஸ்தி ஆவாதாம் சித்தப்பா. நர்ஸம்மா சொன்னாங்க."

"மூச்சு வாங்கறவனுக்குக் காத்து ஆவாதா? இன்னாடா பேஜாரா கீது! ஏழாவது படிக்கிறியே, உனுக்கு இது தோணல? தர்ம ஆஸ்பத்திரிடா, கேஸ மிச்சம் புடிக்கறாங்க. அதுவும் அது எந்தப் பக்கத்து ஆளு? நமக்குன்னா கை இறுகத்தான் செய்யும்."

விசில் ஊதுகிற நேரமாகிவிட்டது என்று சித்தப்பா ஓடினார். நான் வடையைத் தின்றேன். நைனா தலையைத் தூக்கி, "கண்ணு... காத்து..." என்றார். மேலே பேச அவரால் முடியவில்லை.

எழுந்துபோய்ச் சிலிண்டர் தலையிலிருந்த குமிழைத் திருப்பினேன். சித்தப்பா திருப்பச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பாட்டிலில் தண்ணீர் உலைபோலக் கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் அதிசயம் நடந்தது. இழுப்பு அடங்கியது. நீலம் பாரித்திருந்த உதடு சிவந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. சேர்த்த நாளிலிருந்து கண்ணை மூடாத நைனா, தலையணையில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனார். பக்கத்துக் கட்டில் பெரியவர்கூட, "உங்க நைனாவுக்கு இன்னிக்குத்தான்டா நல்ல தூக்கம்" என்றார். ஈ உட்காராதபடி வடை சுற்றிவந்த காகிதத்தால் விசிறிக்கொண்டே இருந்தேன். சித்தப்பா வந்ததும் காட்ட வேண்டும், அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் உட்கார்ந்திருந்ததில்லை.

வெயில் தாழும் நேரத்தில் நர்ஸம்மா வந்தார். வாசலிலேயே பாட்டிலின் சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், ஓடிவந்தார். குமிழைத் திருப்பிக் காற்றைக் குறைத்தார். கையில் பிசுக்கென்று ஒட்டியதைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் குமிழை அழுத்தித் துடைத்தார். ஆக்சிஜன் சிலிண்டரில் எண்ணெய் பட்டால் தீப்பற்றும் என்று பின்னாளில் நானே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் எதையோ அழிக்கிறார் என்பதுதான்.

"ஐயா! ஐயா! கண்ணைத் தொறங்க!" நைனாவின் கன்னத்தில் தட்டினார், தோளைப் பிடித்து உலுக்கினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "தூங்கட்டும், வுடுங்க! இப்பத்தான் தூங்கறாரு!"

அவர் என்னை உதறிவிட்டு ஊசி போட்டார். மறுபடியும் உலுக்கினார். டாக்டர் வீட்டுக்கு ஆள் ஓடியது. டாக்டர் ஊரில் இல்லை. விளக்கேற்றும் வேளையில் நைனாவின் மூச்சு நின்றது.

கடைசி டிரிப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்த சித்தப்பா, வார்டே நடுங்கக் கத்தினார். ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார். வேட்டி சட்டை போட்ட பெரிய மனிதர். வைத்தியம் தெரிந்தவரல்ல. அவர் குனிந்து என்னைக் கேட்டார்: "நீதானே கூட இருந்தே? பயப்படாம சொல்லு."

சொன்னேன். "நைனா நல்லாத் தூங்கிக்கினு இருந்தாரு. இவங்க வந்து காத்தைக் கொறைச்சாங்க. அந்தத் திருகைத் துடைச்சாங்க. நைனாவப் போட்டு உலுக்குனாங்க. அப்புறந்தான்..."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதற்கு முன்னால் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. மறைத்தேன் என்று சொல்வதா, சொல்லத் தோன்றவில்லை என்பதா? இத்தனை வருஷம் இரண்டாவதையே எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்லத் துணிவில்லை. நர்ஸம்மா சொன்னதை மீறியது அப்போதே எனக்குத் தெரியும்.

மேனேஜர் நிமிர்ந்தார். "நீயா காத்தைக் கொறைச்சே?"

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தையல்ல, கையை. வலது கை விரல்களில் இன்னும் வடை எண்ணெய் மினுமினுத்தது.

"ஆமா சார். நான்தான் கொறைச்சேன்."

"ஏன்?"

சித்தப்பா பாய்ந்தார். "பாத்தியா, வாயத் தொறக்குதா பாரு! கொன்னுட்டு நிக்குது!" வெளியே மில் ஆட்கள் லாரியில் வந்து கூடிவிட்டார்கள். காரியம் முடிவதற்குள் அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சித்தப்பா எங்கள் வீட்டில் பலமுறை சொன்னார். அம்மா அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடைந்தாள். நானும்தான்.

இப்போது நுரையீரல் மருத்துவர் வந்துபோன பிறகு, படாளத்தில் தெரிந்தவர்களிடம் விசாரிக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன பெயர் என்று கேட்பார்களே. நர்ஸம்மா என்பதற்கு மேல் எனக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது.

அன்றிரவு நைனாவை லாரியில் ஏற்றும்போது நான் வராந்தாத் தூணருகே நின்றிருந்தேன். தலையணைகளைச் சுமந்துகொண்டு நர்ஸம்மா என்னைத் தாண்டிப் போனார். போனவர் நின்றார்.

"சாப்ட்டியாடா?"

அன்று பதிலுக்குக் காத்துக்கொண்டும் நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று பயந்துபோய்க் குழைகிறாள் என்று நினைத்தேன். சித்தப்பா பார்க்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.