கிண்ணம் கடந்துபோன ஞாயிறு

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து எங்கள் சபையில் வாசலில் நிற்கும் வேலை என்னுடையது. வேலூரில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். வாரம் முழுக்கப் பிள்ளைகளை உட்காரவைப்பவள், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களையும் உட்காரவைப்பாள் என்று கமிட்டியில் நினைத்திருப்பார்கள். புதிதாக யார் வந்தாலும் முதலில் நான்தான் பேசவேண்டும். செருப்பை எங்கே விடுவது, பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், பாட்டுப் புத்தகம் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் காட்டுவார், காணிக்கைப் பை வந்தால் போடலாம், போடாமலும் நகர்த்தலாம், நடுவில் ஒருமுறை எழுந்து நின்று ஊரைச் சொல்லவேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்.

வருகிறவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்காக ஊருக்கு வந்தவர்கள். மூன்று வாரம் வருவார்கள், நான்காவது வாரம் காணமாட்டார்கள். என்ன ஆனார்கள் என்று நாங்கள் விசாரித்ததில்லை. அனுப்பும்போது "மறுபடியும் வாங்க" என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, இந்த ஊருக்கு மட்டும் மறுபடியும் வரக்கூடாது" என்றாள். அதன்பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அப்படி வந்த ஒரு தம்பதிக்கு ஆம்பூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். கணவர் தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்களின் பக்கம் வேலை பார்த்தவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். பஸ்ஸில் போய்வர உடம்பு தாங்கவில்லை என்று சபைக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா எங்கள் சபையைச் சேர்ந்தவர். "ஞாயித்துக்கிழம ரூமுலயே கெடந்து இன்னா பண்ணப் போறீங்க, வந்து உக்காந்துட்டுப் போங்க" என்று அவர்தான் கூட்டிவந்தார்.

மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "பொட்டு வெச்சிக்கினு உள்ள வர்லாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"தாராளமா வாம்மா."

"சாமி கும்புடறதுக்கு இன்னாத்த வாங்கினு வரணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா வந்து உக்காந்தா போதும்."

அவள் அதை நம்பாதவள் போல என்னைப் பார்த்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன் நடுவில் ஒரு ரப்பர் பேண்டு. அந்த அளவுக்குக் கீழே இருப்பதுதான் அவருக்கு அந்த நாள் முழுமைக்குமான தண்ணீர், அதற்குமேல் குடித்தால் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி வீங்கிவிடும் என்று பிறகு சொன்னாள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். எதிர்ப்பக்கம் அதேபோல ஓரத்தில் அவர். பிரசங்கம் நடக்கும்போது எழுந்துபோய் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பாள். அவர் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார்.

புதியவர்கள் எழுந்து நிற்கும் நேரத்தில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஊரைச் சொன்னார். உட்காரப்போனவர் மறுபடி நிமிர்ந்து, "எங்களுக்கு இங்க மொற தெரியாது, தப்பு பண்ணா சொல்லுங்க" என்றார். எல்லோரும் புன்னகையோடு தலையாட்டினார்கள். நானும்தான்.

மூன்று ஞாயிறு அப்படி வந்தார்கள். நான்காவது, மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் சபையில் அது திருவிருந்து ஞாயிறு. பீடத்தின் முன் வரிசையாக முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள். ஞானஸ்நானம் பெற்று, வயது வந்தபின் திடப்படுத்தல் என்ற சடங்கும் பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது. புதியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லவேண்டியது என் பொறுப்பு. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டார் கும்பலாக வந்து இடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சு இழுத்துப்போடப் போய்விட்டேன். இவர்கள் எப்போது உள்ளே வந்தார்கள் என்றே கவனிக்கவில்லை.

போதகர் வழக்கம்போல அறிவித்தார். "திடப்படுத்தல் பெற்றவர்கள் முன்னே வரலாம்." எங்களுக்கெல்லாம் பழகிப்போன சொல். வரிசை எழுந்தது. அதோடு அவரும் எழுந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். அவர் நடுப்பாதையில் மெல்ல நடந்துபோவது தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் எப்படி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் பீடத்துக்குப் போய்ச்சேர்ந்து, அதன் முன்னாலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக் கஷ்டப்பட்டு முழங்கால் போட்டுவிட்டார்.

மற்றவர்களைப் பார்த்து அவரும் உள்ளங்கையை ஏந்தினார். போதகர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அப்பத்தை அந்தக் கையில் வைக்கவில்லை. தலையில் கைவைத்து ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். பின்னாலேயே திராட்சரசக் கிண்ணம் வந்தது. இந்தப் பக்கத்தவர் குடித்தார், அந்தப் பக்கத்தவர் குடித்தார். இவர் முகத்தை உயர்த்திப் பார்த்தார். கிண்ணம் கடந்துபோனது. போதகர் முறைப்படி செய்தார், அன்போடும்தான் செய்தார். கம்பியின் அருகில் அவர் இன்னும் கையை ஏந்தியபடி இருந்தது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

ஆராதனை முடிந்து வெளியே தேடினேன். போய்விட்டிருந்தார்கள். நாளை பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். திங்கள் பள்ளி, செவ்வாய் பள்ளி. புதன்கிழமை மாலை பின்தெருவுக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது.

"நேத்து காலி பண்ணிட்டாங்க டீச்சர்" என்றார் வீட்டுக்கார அம்மா. "ஆஸ்பத்திரிக்கும் போவல. எவ்ளோ சொன்னேன், கேக்கல."

"ஏன்?"

"பாஸ்டர் அவருக்கு மட்டும் குடுக்கலயாம். தலையில கை வெச்சி அனுப்பிட்டாராம். சாமியே கைய விரிச்சிடுச்சி, இனிமே ஊசி குத்தி இன்னா ஆவப்போவுதுன்னு அந்தப் பொண்ணு அழுவுது. நீங்க திடப்படுத்தல் எடுக்கலம்மா, அதான்னு சொன்னேன். அவளுக்குப் புரியல."

போதகரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் ஊருக்குப் போய்ப் பார்க்கலாம், தானும் வருகிறேன் என்றார். ஆனால் அவருக்கு வெள்ளிக்கிழமை ஓர் அடக்க ஆராதனை, சனிக்கிழமை கமிட்டிக் கூட்டம். சனிக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறினேன். ஆம்பூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

ஒற்றை அறை வீடு. அவர் பாயில் படுத்திருந்தார். முகமும் கால்களும் நன்றாக வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அது சபை ஒழுங்கு, என் சொந்தப் பிள்ளைகளுக்கே இன்னும் கொடுப்பதில்லை, உங்கள் வியாதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சொல்லாமல் விட்டது என் தப்பு. வகுப்பில் பாடம் நடத்துவது போல வரிசையாகச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "தெடப்படுத்தறதுன்னு அவரு சொன்னாரு டீச்சர். ஒடம்புல தெடம் இல்லாதவங்களத்தான் கூப்புடறாரோன்னு எழுந்து போனேன்" என்றார்.

"திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானே கூட இருக்கேன்" என்றேன்.

"பாக்கலாம்" என்றார். "வாரத்துக்கு ரெண்டு நாளு அந்த மிஷின்ல படுத்து பேஜாராயிடுச்சி டீச்சர். எப்படா நிறுத்தலாம்னு இருந்தேன். இவதான் விடல. இப்ப இவளே விட்டுட்டா."

மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் கையைக் காட்டியதும் எழுந்து, பெரிய சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் தலையைத் தாங்கிக் குடிக்கவைத்தாள். நான் தடுக்கப் போனேன்.

"வுடுங்க டீச்சர்" என்றாள். "ஒரு வருசமா மூடியில ஊத்திக் குடுத்தேன். இனிமே அவரு கேக்கக் கேக்க குடுக்கப்போறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் மதியம்வரை நின்றேன். அவர்கள் வரவில்லை. புதன்கிழமை இறந்துவிட்டார் என்று வீட்டுக்கார அம்மாவுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் வந்தது. போதகர் அந்த ஞாயிறு அவருக்காக ஜெபித்தார். சபையில் பலருக்கு யாருக்காக என்று தெரியவில்லை.

புதியவர்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுத்தாள் அச்சடிக்கலாம், திருவிருந்து பற்றி எளிய தமிழில் எழுதலாம் என்று கமிட்டியில் கேட்டேன். நல்ல யோசனை என்றார்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். முதல் ஞாயிறுகளில் வாசலிலேயே வாயால் சொல்லத் தொடங்கினேன். "இன்னிக்கு முன்னால கூப்பிடுவாங்க, நீங்க உக்காந்தே இருங்க" என்று எவ்வளவு தணிவாகச் சொன்னாலும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த ஓர் அப்பா, நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்ணை ஏழெட்டு வருடம் கழித்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. அவள்தான் முதலில் அடையாளம் கண்டு வந்து பேசினாள். அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் செக்ஷனில் வேலையாம். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். அன்றைக்கு நடந்தது வெறும் முறைதான், அவர் இறந்துபோவார் என்று போதகருக்குத் தெரிந்திருக்கவில்லை, யாருக்கும் தெரியாது என்று.

"நீங்க நல்லவங்க டீச்சர், அதான் இப்பிடிச் சொல்றீங்க" என்றாள். "பாஸ்டருக்குத் தெரிஞ்சிதான் கை வெச்சி அனுப்புனாரு. நாங்களும் புரிஞ்சிக்கினோம். அவர்மேல எனக்குக் கோவம் இல்ல."

"அப்படி இல்லம்மா."

அவள் என் பைகளில் ஒன்றை வாங்கி, பஸ் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். வேலூர் பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கம்பெனி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள்.